தண்ணீர் வராத கூடத்தில் பத்துப் பிளம்பர்கள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாப்பக்கா என்று பெயர். வைத்தவர்கள் நர்சுகள். எப்போது பார்த்தாலும் தரை துடைக்கிற மாப்பும் வாளியுமாக வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவர்கள் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பெயரோடு பத்தொன்பது வருஷம் மூன்று மாடியும் ஏறி இறங்கியாகிவிட்டது. வயது நாற்பத்து மூன்று. முழங்கால் கொஞ்சம் முனகும். வாய் முனகாது, எதையும் நேராகவே கேட்டுவிடும்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒழுகாத குழாய் எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர் அனுப்பும் பிளம்பர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவார். வந்ததற்கு அடையாளமாக நாலு குழாயைத் தட்டிப் பார்ப்பார், ஒன்றைக் கழற்றி மாட்டுவார், டீ குடிப்பார், போய்விடுவார். மறுநாளே பழைய இடத்தில் பழையபடி ஈரம். அந்த ஈரத்தைத் துடைக்கத்தான் மாப்பக்காவுக்குச் சம்பளம். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டாள்.

“அண்ணே, எத்தனை தடவைதான் இதையே சரி பண்ணுவீங்க? ஏன் திரும்பத் திரும்ப ஒழுகுது?”

“அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. நீ துடைக்கிற வேலையப் பாரு.”

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பார்த்தாள். குழாயின் மரையில் வெள்ளை டேப்பை நாலு சுற்றுச் சுற்றினார், குழாயை முறுக்கினார். டேப் நூல்நூலாகப் பிரிந்து வெளியே தொங்கியது. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் சுற்றிய திசையே தப்பு, அப்படிச் சுற்றினால் முறுக்க முறுக்கப் பிரிந்துதான் வரும் என்று பிற்பாடு ஒரு வகுப்பில் கேட்டபோது, மாப்பக்கா ஒருத்தி மட்டும் அடக்க மாட்டாமல் சிரித்தாள். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை.

அந்த வகுப்புக்கு அவள் போனதற்குக் காரணம் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு காகிதம். இனிமேல் ஒப்பந்தக்காரர் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கே சொந்தமாக இரண்டு பிளம்பர்கள் எடுக்கப் போகிறார்கள், ஏற்கெனவே இங்கே வேலை செய்கிறவர்களுக்கு முன்னுரிமை, ஆனால் அரசாங்கச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். காகிதத்தைப் படித்த எல்லாரும் படித்துவிட்டு நகர்ந்தார்கள். மாப்பக்கா மட்டும் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றாள்.

சான்றிதழ் கொடுக்கிற இடம் அவள் பேட்டையிலேயே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பழைய தானியக் கிடங்கில் இருந்தது. அங்கே ஆறு மாதப் பயிற்சி. கட்டணம் இல்லை, கருவிகள் அவர்களே தருவார்கள், வருகிற நாளுக்குப் பஸ் செலவும் உண்டு. எல்லாம் அரசாங்கச் செலவு. இலவசம், இலவசம் என்று பேட்டையே பேசியது. அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மாப்பக்கா வாங்குகிற சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இல்லையா? அந்தப் பேட்டை ஜனங்கள் காலம்காலமாகக் கட்டியதில் ஒரு துளி, ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தாமதமாக வீடு திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான். அதுவும் வரும்போது சும்மா வரவில்லை, ஒரு நிபந்தனையையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேட்டையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அங்கே வீடு தவறாமல் குழாய் உண்டு, குழாயில் தண்ணீர்தான் கிடையாது. காலையில் ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் எப்போதாவது நாற்பது நிமிஷம் வரும். எப்போது என்பது அந்தத் தண்ணீருக்கே தெரியாது. அதனால் அங்கே யாரும் குழாயை மூடுவதில்லை. முழுக்கத் திறந்து விட்டு, கீழே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். முதல் சொட்டு விழுந்து தட்டு ‘டங்’ என்றதும் வீட்டில் இருக்கிறவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தண்ணீர் நின்றால் குழாய் மறுபடி திறந்தபடியே கிடக்கும், தட்டு மறுபடி கவிழும். விவரம் தெரியாத பிள்ளை யாராவது குழாயை மூடிவிட்டால் அன்றைக்கு வீடே ரெண்டுபடும். பிறந்ததிலிருந்து மாப்பக்காவின் கைக்குத் தெரிந்தது இதுதான்: வறண்ட குழாய் என்றால் திறந்திருக்க வேண்டும்.

காலை ஆறு முதல் இரண்டு வரை ஆஸ்பத்திரி, மூன்று முதல் ஆறு வரை கிடங்கு என்று அவள் பொழுது மாறியது. வகுப்பில் பன்னிரண்டு பேர். சொல்லிக்கொடுத்தவருக்கு இருபத்தெட்டு வயதுதான், நாலு தெரு தள்ளி வளர்ந்தவர், இதே மாதிரி ஒரு பயிற்சியில் படித்துப் பிழைப்பைப் பிடித்தவர். பொடியனாக இருந்தாலும் வாத்தியார் வாத்தியார்தானே. மாப்பக்கா அவரை சார் என்றாள், அவர் அவளை அக்கா என்றார், இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை. அவளுக்குப் பக்கத்து இடம் தெருமுனையில் துணி தேய்க்கும் இஸ்திரிக்காரருடையது. ஐம்பதைத் தாண்டியவர். “துணியில சுருக்கம் போன காலத்துல மூஞ்சியில வந்துடுச்சு. இனி பைப்பையாவது நிமிர்த்துவோம்” என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கிடங்குச் சுவர் நெடுக வரிசையாகக் குழாய்கள், வளைவுகள், தொட்டிகள். எல்லாம் இருந்தது, அதிலும் தண்ணீர் இல்லை. பேட்டைக்கு வராத தண்ணீர் கிடங்குக்கு மட்டும் எப்படி வரும்? நீச்சல் சொல்லித்தருகிறேன் என்று வெறும் தரையில் குப்புறப் படுக்கவைத்த மாதிரிதான். வாத்தியார் சளைக்கவில்லை. இணைத்த குழாய்க்குள் சைக்கிள் பம்ப்பால் காற்றடிக்கச் சொல்வார், இணைப்பின் மேல் சோப்பு நுரையைத் தடவச் சொல்வார். குமிழி வந்தால் அங்கே ஒழுகல். வராவிட்டால் சரி. ஆறு மாதமும் அவர்கள் பார்த்தது காற்றையும் நுரையையும்தான்.

முதல் மாதம் மாப்பக்காவின் கை கொப்புளித்தது. பைப் ரெஞ்ச்சைத் தலைகீழாகப் பிடித்தாள். வெட்டிய குழாய் ஒவ்வொன்றும் ஒரு விரல்கடை குறைந்தது. இரண்டாம் மாதம் கை பழகியது. நான்காம் மாதத்தில், ஆஸ்பத்திரிக் குளியலறையில் சொட்டுகிற சத்தத்தை வைத்தே வாஷர் போய்விட்டதா, மரை தேய்ந்துவிட்டதா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எழுத்துப் பரீட்சைக்கு வீட்டில் மகள் கேள்வி கேட்டாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, அம்மா தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் மேசையைத் தட்டும். இவள் அதற்கும் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டுவாள்.

வீட்டுக்காரர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். உயரத்தில் சாரம் கட்டி நின்று இருபத்தைந்து வருஷம் அடித்த கை. இப்போது இடுப்பு சரியில்லை என்று ஏணியில் பாதிக்கு மேல் ஏறுவதில்லை. ஆனால் வாய்க்கு எந்தக் குறையும் இல்லை. அவள் வகுப்பு முடிந்து வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

“பிளம்பரம்மா வந்தாச்சா? இந்த டம்ளர் ஒழுகுது, கொஞ்சம் என்னன்னு பாருங்க.”

“உங்க வாயத்தான் மொதல்ல அடைக்கணும். அதுக்குத்தான் வால்வு தேடிக்கிட்டிருக்கேன்.”

“கிடைக்காதும்மா. அந்த சைஸ்ல இன்னும் வரல.”

இப்படித்தான் தினமும். அவர் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை, ஒரு நாள் போகாதே என்று தடுத்ததும் இல்லை. அவள் வருவதற்குள் சமையலை முடித்து வைத்திருப்பார், அதைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். சமைத்த பாத்திரத்தை மட்டும் கழுவ மாட்டார். அது அவருடைய கொள்கை.

இப்போது அந்த நிபந்தனையைச் சொல்கிறேன். ஐந்தாம் மாதம் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சேர்ந்த பன்னிரண்டு பேரில் பத்துப் பேராவது முதல் தடவையிலேயே தேறினால்தான் அடுத்த அணிக்கு நிதி. ஒருவர் குறைந்தாலும் மையத்தை மூடிவிட்டுக் கருவிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். வாத்தியார் அதைப் படித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஏனென்றால் பன்னிரண்டில் இரண்டு பேர் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். ஒருவன் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டான், ஒரு பெண் கணவனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். மீதி இருப்பது சரியாகப் பத்து. பத்தும் தேற வேண்டும்.

“நெருக்கடி குடுக்கறதுக்காகச் சொல்லல” என்றார் வாத்தியார். “ஆனா சொல்லாம இருக்கவும் முடியல. அடுத்த பேட்ச்சுக்கு முப்பத்து நாலு பேரு நோட்டுல பேர் எழுதிட்டுக் காத்திருக்காங்க.”

“யாரு யாருன்னு காட்டுங்க சார்” என்றார் இஸ்திரிக்காரர்.

“காட்டினா நீங்க போயி கடைசிப் பேருக்காரர்கிட்ட சொல்வீங்க. அவரு மொதல் பேருக்காரர்கிட்ட சண்டைக்குப் போவாரு. எனக்கு வேற வேலை இல்லையா?” வாத்தியார் நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்த மாப்பக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வேலை கிடைக்காவிட்டால் தன் தலையோடு போய்விடும். ஆனால் தன்னால் மையமே மூடிப்போனால், அந்த முப்பத்து நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது? பேர் தெரியாததால் தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும் அந்த நோட்டில் இருப்பவராகவே தெரிந்தார்கள்.

“நான் கோட்டை விட்டுட்டா என்னங்க பண்றது?”

“என்ன பண்றது? மாப்பு எங்கயும் ஓடிப் போயிடல, அங்கயேதான் இருக்கும்.”

கையில் இருந்த துண்டை அவர் மேல் வீசினாள். அவர் அதைப் பிடித்து மடித்துக் கொடியில் போட்டார். அன்றைக்கு என்னவோ பாத்திரத்தையும் கழுவினார்.

பரீட்சை நாளும் வந்தது. துறையிலிருந்து வந்த பொறியாளர் அம்மா ஐம்பது வயதுக்காரர். காலில் கேன்வாஸ் ஷூ, கையில் தடித்த பை, முகத்தில் சிரிப்பென்று ஒன்றும் கிடையாது. தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும் என்பதால் அன்றைக்கு லாரித் தண்ணீர் வரவழைத்து மேல் டேங்க்கை நிரப்பியிருந்தார்கள். ஆறு மாதத்தில் அந்தச் சுவர் முதல் தடவையாகத் தண்ணீரைப் பார்க்கப் போகிறது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். குழாயை அளந்து அறுத்து, மரை வெட்டி, வளைவு போட்டு, குழாய் மாட்டி முடிக்க இரண்டு மணி நேரம். மாப்பக்கா ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, டேப் சுற்றிய திசையை மட்டும் மூன்று தடவை சரிபார்த்தாள்.

பிறகு அந்த அம்மா ஒவ்வொருவரிடமாக வந்து, தண்ணீரை முழு வேகத்தில் ஐந்து ஐந்து நிமிஷம் விட்டுப் பார்த்தார். சீட்டுக் குலுக்கியதில் மாப்பக்காவுக்குப் பத்தாவது இடம். ஒன்பது பேருக்கும் ஒழுகவில்லை. பத்தாவதாக இவள் குழாயைத் திறந்தாள். அது இரண்டு தடவை செருமியது, கொஞ்சம் துப்பியது, நின்றுவிட்டது. டேங்க் காலி.

பொறியாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “அடுத்த லாரி வர்றதுக்குள்ள சாப்பிட்டுடலாம். வந்து இதைப் பாக்கறேன்.” பையைச் சுவரோரமாகத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மாப்பக்கா தன் குழாயை ஒரு தடவை பார்த்தாள். அது முழுக்கத் திறந்திருந்தது. சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்து அதன் கீழே கவிழ்த்து வைத்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வரும், வறண்ட குழாய் என்பதே கிடையாது. இது அவள் பேட்டை. இங்கே கை தானாக வீட்டுக் கையாகிவிட்டது. தான் செய்தது அவளுக்கே தெரியாது.

லாரி வந்தது. ஊரே அதிர்கிற சத்தத்தில் மோட்டாரைப் போட்டு டேங்க்கை நிரப்பியது. அந்த இரைச்சலில் உள்ளே டப்பா மூடி எத்தனை தடவை கத்தினாலும் யார் காதில் விழும்? கால்மணி கழித்து மோட்டார் நின்றது. கைகழுவ எழுந்த மாப்பக்கா கிடங்கு வாசலைப் பார்த்தாள். வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது.

எல்லாரும் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள், பின்னாலேயே பொறியாளர் அம்மாவும். ஒருவர் பையைத் தூக்கினார், ஒருவர் மேசை மேலிருந்த காகிதங்களை வாரினார், இஸ்திரிக்காரர் மூலையில் இருந்த மாப்பை எடுத்து நீட்டினார். “அக்கா, இந்தா!”

அவள் அதை வாங்கவில்லை. அவரைத் தள்ளிவிட்டு, கிடங்குக்குப் பின்னால் டேங்க்கின் அடியில் இருக்கிற பெரிய வால்வை நோக்கி ஓடினாள். சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் திருகினாள். தண்ணீர் நின்றது. பிறகுதான் உள்ளே வந்து தன் குழாயை மூடினாள். அதற்குள் இஸ்திரிக்காரர் துடைக்க ஆரம்பித்திருந்தார். இங்கே இருக்கிற தண்ணீரை அங்கே தள்ளிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவளே மாப்பை வாங்கி, எட்டு நிமிஷத்தில் தரையைக் காயவைத்தாள்.

பொறியாளர் அம்மாவின் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் நனைந்த காகிதம் ஒன்றை உதறி, அதில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். “பதினாலாவது. வேலை முடிஞ்சதும் குழாய மூடணும். மூடலைன்னா மத்ததுல எவ்வளவு மார்க் வாங்கினாலும் ஃபெயில். இதுல நான் பண்றதுக்கு ஒண்ணுமில்ல.”

வாத்தியார் அந்தக் காகிதத்தை வாங்கி, அதே வரியை இரண்டு தடவை படித்தார். மாப்பக்காவுக்குக் குழப்பமாக இருந்தது.

“மேடம், தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். தண்ணி வராத குழாய மூடி வச்சா, தண்ணி வந்தது எப்படித் தெரியும்?”

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை எந்தப் பரீட்சையிலும் யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். “எதுக்குத் தெரியணும்?”

“குடம் வைக்க வேணாமா?”

பின்னாலிருந்து இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்த அம்மா அவர்களைப் பார்த்தார், பிறகு பின்கதவுக்கு வெளியே பார்த்தார். கைகழுவுகிற இடத்தில் மூன்று குழாய்கள். மூன்றும் திறந்திருந்தன. வால்வை மூடிய பிறகும் மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அதை யாரு திறந்து விட்டது?”

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. சாப்பிடும் முன்னால் கழுவப் போனவர்கள், தண்ணீர் இல்லை என்றதும் பழக்கப்படி திறந்து விட்டு வந்தவர்கள்.

“நடுக் குழாய நான் மூடினேனே? நல்லா ஞாபகம் இருக்கு.”

இஸ்திரிக்காரர் தலையைச் சொறிந்தார். “அது... நான்தான் மேடம் மறுபடி திறந்தேன். பாவம், புதுசா வந்தவங்க, தெரியாம மூடிட்டாங்கன்னு...”

அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று யாருக்கும் பிடிபடவில்லை. “கழிவறையில சத்தம் கேட்டுச்சே, அது?”

வாத்தியார் மெதுவாகத் தன் கையையும் உயர்த்தினார்.

அந்த அம்மா வெளியே நடந்தார். எதிர்வரிசையில் முதல் வீட்டில் எட்டிப் பார்த்தார், அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில். வறண்ட குழாய், திறந்த வாய், கீழே கவிழ்ந்த தட்டு. மூன்றாவது வீட்டுக்காரி தட்டை எடுத்துவிட வந்தவர் என்று நினைத்து, “தொடாதீங்கம்மா, காலை வரைக்கும் அப்படியே இருக்கட்டும்” என்றாள். அந்த அம்மா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஈரமான விதிப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பொறுமையாகப் படித்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பத்துப் பேருக்கும் அது ஒரு வருஷமாகத் தெரிந்தது.

“வேலை முடிஞ்சதும்னுதான் போட்டிருக்கு” என்றார் கடைசியில். “சோதிச்சுப் பாக்காத வேலை முடிஞ்ச வேலை இல்ல. இவங்களோடத நான் இன்னும் சோதிக்கல. வால்வத் திறங்க.”

மற்ற குழாய்களையெல்லாம் மூடிவிட்டுத் திறந்தார்கள். மாப்பக்கா தன் குழாயைத் திருப்பினாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஐந்து நிமிஷம் அந்த அம்மா இணைப்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்தே இருந்தது. நேரம் முடிந்ததும் மாப்பக்கா குழாயை மூடினாள். மூடிவிட்டு மறுபடி இறுக்கிப் பார்த்தாள்.

“தண்ணி நிரம்பினதும் மொதல்ல எங்க ஓடினீங்க?” என்று கேட்டார் அந்த அம்மா.

“பின்னால, வால்வுக்கு.”

“ஏன்? மாப்பைக் கையில குடுத்தாங்களே?”

“அது நிக்காம துடைச்சு என்ன மேடம் பிரயோஜனம்? பத்தொன்பது வருஷமா அதைத்தானே பண்ணேன்.”

அந்த அம்மா எதையோ எழுதினார். “மார்க் கொறைப்பேன். தண்ணி வீணானதுக்குக் கொறைச்சுத்தான் ஆகணும். நீங்க போற இடத்துல எந்நேரமும் தண்ணி வரும். அங்க இப்படித் திறந்து வச்சா மாடியே மிதக்கும். இந்தக் கை மாறணும். புரியுதா?”

“மாத்திக்கறேன் மேடம்.”

தேறினாளா இல்லையா என்று அந்த அம்மா சொல்லவில்லை. முடிவு கடிதத்தில் வரும் என்று சொல்லிவிட்டு, சொட்டுகிற பையோடு போய்விட்டார். அப்புறம் பதினாறு நாள் மாப்பக்கா தூங்கினாள் என்றால் பொய். வீட்டுக்காரர் அந்தப் பதினாறு நாளும் கிண்டல் செய்யவில்லை. அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது.

பதினேழாம் நாள் சாயங்காலம் வாத்தியார் ஆள் அனுப்பினார். பேட்டையில் பாதி கிடங்கில்தான் இருந்தது. பத்துப் பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார்கள். வாத்தியார் உறையைக் கிழித்தார், ஒரு தடவை மனசுக்குள் படித்தார், படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். சந்தோஷத்தில் அழுகிற ரகம் அவர்.

“பத்தும் பாஸ்!”

கிடங்குக் கூரை பறந்துவிடும் போல ஒரு சத்தம். மாப்பக்காவுக்கு அறுபத்தொன்று, தேறுவதற்கு அறுபது போதும். பத்துப் பேரில் அவள்தான் கடைசி. இஸ்திரிக்காரருக்கு எண்பத்து நாலு. “மேடம் மூடினதைத் திறந்ததுக்கு போனஸ்” என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடிதத்தின் அடியில் இன்னொரு பத்தியும் இருந்தது. அடுத்த அணிக்கு நிதி உண்டு, மையத்துக்கு நாள் முழுவதும் தண்ணீர் வரும் இணைப்பு கொடுத்த பிறகே வகுப்பு ஆரம்பிக்க வேண்டும், தண்ணீரே இல்லாமல் குழாய் வேலை சொல்லிக்கொடுப்பது முறையல்ல என்று சோதித்தவர் எழுதியிருக்கிறார். சிரிக்காத அந்த முகத்தை நினைத்து மாப்பக்கா மனசாரக் கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரி வேலை உறுதியாகிவிட்டது போலத்தான். அவள் மனசு அதைவிட மற்றதில்தான் நிறைந்து கிடந்தது. முப்பத்து நாலு பேர் முகத்தில் தைரியமாக முழிக்கலாம். பத்தொன்பது வருஷத்தில் இல்லாத ஒரு நிம்மதி அவளுக்கு வந்தது.

வாத்தியார் அலமாரியைத் திறந்து அந்த நோட்டை எடுத்தார். “இனிமே மறைக்க வேண்டியதில்ல. வரிசையா கூப்பிடறேன், வந்து கையெழுத்துப் போடுங்க. மொதல் பேரு...” அவர் நிறுத்தி மாப்பக்காவைப் பார்த்தார். “அக்கா, உங்க வீட்டுக்காரர்.”

அவள் திரும்பினாள். வாசலில், முழங்கையில் பெயின்ட் கறையோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார் அவர்.

“நீங்களா?”

“இடுப்பு ஏணிக்கு ஆகல. பிளம்பருக்கு ஏணி அவ்வளவு வேணாம்னு சொன்னாங்க.”

“ஏங்க என்கிட்ட சொல்லல? நான் ஃபெயிலானா உங்களுக்கும் போயிருக்குமே! இத்தனை நாளும் அது தெரிஞ்சுக்கிட்டேவா...”

“சொன்னா நீ இன்னும் பயப்படுவ. இருக்கற பயமே உனக்கு ஜாஸ்தி.”

வாத்தியார் நோட்டை அவள் பக்கம் திருப்பினார். பேர், வயது, முகவரி எல்லாம் வீட்டுக்காரரின் கோணல் கையெழுத்தில் இருந்தது. எழுதிய தேதியைப் பார்த்தாள். அவள் வகுப்புக்குப் போக ஆரம்பித்த மூன்றாம் நாள். அன்றைக்கு அவள் ரம்பத்தில் விரலை அறுத்துக்கொண்டு வந்து, இந்த வேலையெல்லாம் நமக்கு ஆகாது, நாளையிலிருந்து போகமாட்டேன் என்று அழுதிருந்தாள். தேதிக்குப் பக்கத்தில் கடைசிக் கட்டம். வீட்டில் வேறு யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டிருந்தது. அதில் அவர் எழுதியிருந்தார்: ‘மனைவி. பிளம்பர்.’

“அன்னைக்கு எனக்கு ரெஞ்சே புடிக்கத் தெரியாதேங்க” என்றாள்.

“என்ன வேலைன்னு கேட்டாங்க. எழுதினேன்” என்றார் அவர். “நகரு, கையெழுத்துப் போடணும்.”

அவள் நகரவில்லை. பேட்டை ஜனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.